‘நிற்காது’ என்று சொன்னேன்

“இனி நிற்காதா சார்?” என்று பாய்லர் ஆபரேட்டர் கேட்டார். “நிற்காது” என்றேன். பொய் சொல்லவில்லை.

அன்றிரவு, உலையின் புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனின் டிரைவ், அதாவது அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, மூன்றாவது முறையாக ‘சிக்னல் இழப்பு’ காட்டி நின்றிருந்தது. உலைக்குள் இழுவை எவ்வளவு என்று அளந்து டிரைவுக்குச் சொல்லும் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அனுப்பும். கீழ் எல்லையை 0 என்று வைக்காமல் 4 என்று வைத்ததே, கம்பி அறுந்தால் தெரியட்டும் என்றுதான். ஃபேன் நின்றிருந்தபோது மீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தேன். அளவு அசையவே இல்லை, கோளாறு எதுவும் தெரியவில்லை. சாயப் பிரிவில் நீராவி இல்லாமல் துணி காத்துக் கிடந்தது, கைப்பேசி ஓயவில்லை. சிக்னல் போனால் நிற்க வேண்டும் என்றிருந்த அமைப்பை, கடைசி வேகத்திலேயே ஓடி எச்சரிக்கை மட்டும் காட்டட்டும் என்று மாற்றினேன்.

சிக்னல் போகிறதா என்ற கண்காணிப்பையே எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், வராத சிக்னலை ‘இழுவை மிக அதிகம்’ என்று டிரைவ் படித்து ஃபேனைக் குறைத்திருக்கும். தீ வெளியே வந்திருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

நான்காம் நாள் தீ வெளியேதான் வந்தது. விடியற்காலையில் சிக்னல் போயிருக்கிறது. ஆபரேட்டர் வழக்கம்போல் விறகு போட்டிருக்கிறார். தீ வளர்ந்தது, ஃபேனின் வேகம் வளரவில்லை. கதவைத் திறந்ததும் முன்கை முடி பொசுங்கியது. முடி மட்டும்தான்.

“எச்சரிக்கை விளக்கைப் பார்க்கவில்லையா?”

“பார்த்தேன் சார். நீங்கள்தான் நிற்காது என்றீர்களே. நிற்கவும் இல்லையே.”

கோளாறு ஃபேனுக்குப் பக்கத்து இணைப்புப் பெட்டியில் இருந்தது. திருகு நன்றாகவே இறுகியிருந்தது, ஆனால் கம்பியின் பிளாஸ்டிக் உறையின் மேல். இரண்டு மூன்று செம்பு இழைகள் மட்டும் ஓரமாக உரசிக்கொண்டிருந்தன. ஃபேன் ஓடினால் பெட்டி அதிரும், இழை விலகும். நின்ற ஃபேனை வைத்துக்கொண்டு அதைத் தேடியிருக்கிறேன்.

மாற்றியதைப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில். அவர் அதைப் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், ஃபேன் நின்றால் மட்டும் என்ன, அப்போதும் புகை திரும்பத்தானே செய்யும் என்று வாதாடிப் பார்க்கிறேன். நின்றால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் யார் வருவார்கள்?

அமைப்பைப் பழையபடி மாற்றியாயிற்று. போன மாதம் மறுபடி ஒருமுறை நின்றது. சரிசெய்ததும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். “நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும்” என்று தொடங்கி, 4 மில்லி ஆம்பியர் என்றால் என்ன என்பதுவரை விளக்கினேன். பாதியிலேயே அவர் விறகு எடுக்கப் போய்விட்டார்.