டிடிபிஓ பிராக்டிகல்: மிக்ஸிங் கேள்வி வந்தால் முதலில் கறுப்பைப் பாருங்கள்

டிடிபிஓ (டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர்) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். பிராக்டிகல் மார்க்கைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் அடுத்து எழுதப்போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். டைப்பிங், பேஜ் செட்டப் எல்லாம் உங்களுக்கே தெரியும். போட்டோஷாப்பை மட்டும் பேசுவோம்.

எங்களுக்கு வந்த படங்கள் இரண்டு: ஸ்டுடியோவில் எடுத்த மணப்பெண், சாரல் மூடிய மலையருவி. இரண்டையும் ஒரே படமாக்க வேண்டும், அதுதான் மிக்ஸிங். ஹாலில் பாதிப் பேர் கூந்தலை வெட்டுவதிலேயே நேரத்தைக் கரைத்தார்கள். வெட்டு சுத்தமாக இருந்தும் படம் ஒட்டாமல் நிற்கிறதென்றால், பெரும்பாலும் கறுப்புதான் காரணம்.

சாயங்காலம் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்குப் புனலூர், தென்மலைக் கல்யாண ஆல்பங்கள் நிறைய வரும். அங்கே அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது இது. ஆடிச் சாரலில் ஆரியங்காவு மலையைப் பாருங்கள். தூரத்து மரம் கறுப்பாகவே இருக்காது, சாம்பல் நீலமாக வெளுத்திருக்கும். நடுவிலுள்ள ஈரக்காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. ஸ்டுடியோ லைட்டில் எடுத்த கூந்தலோ கன்னங்கரேல். “மொதல்ல கறுப்பப் பாருல, கலரு பெறவு” என்பார்.

எஃப்8 தட்டி இன்ஃபோ பேனலைத் திறங்கள். மவுஸ் இருக்கும் இடத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவை அது காட்டும், மூன்றும் 0 என்றால் முழுக் கறுப்பு. பெண் நிற்கிற அதே தூரத்துப் பாறையிடுக்கில் மவுஸை வையுங்கள். எனக்கு 34, 40, 46 என்று காட்டியது. கூந்தலில் 8, 8, 10. பெண் லேயருக்கு (படத்தின் அடுக்குக்கு) மேல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயரை வைத்து, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவில் கிளிக் செய்தால் அது பெண்ணை மட்டும் பிடிக்கும். கர்வ்ஸ் கோட்டின் இடது அடிப்புள்ளியை மேலே தூக்குங்கள், நீலச் சேனலில் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், பெண் சாரலுக்குள் போய் நின்றுவிடுவாள். பின்னால் தூரத்திலிருக்கும் மலையோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், முகமே வெளிறிவிடும்.

மற்றவை வேகமாக:

- எரேசர் வேண்டாம், அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்தான். தோளுக்குப் பென் டூல், கூந்தலுக்கு செலக்ட் அண்ட் மாஸ்க்.
- மூக்கு நிழலும் பாறை நிழலும் ஒரே பக்கம் விழவேண்டும். பெண்ணை இடவலமாகப் புரட்டினால் முந்தானை தோள் மாறிவிடும். அருவியைப் புரட்டுங்கள்.
- காலடியில், அடியிலுள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை மோடில் இரண்டு நிழல்: பாதத்தை ஒட்டி மெல்லிய அடர்ந்த ஒன்று, அகலமாக மங்கலாக ஒன்று.
- அருவிப் படம் பொரிபொரியாக இருந்தால் பெண்ணுக்கும் அதே பொரியைச் சேர்க்கும் ஆட் நாய்ஸ் ஃபில்டர். கன்ட்ரோல்+1 அடித்து, நூறு சதவீதத்தில் பார்த்து அளவு வையுங்கள்.

தியரிக்கு ஒன்று: போட்டோஷாப் 1990இல் வந்தாலும் லேயர் வசதி 1994இல், 3.0இல்தான் வந்தது.

எக்ஸாமினர் என்னிடம் லேயர்களைத் திறந்து காட்டச் சொன்னார், கர்வ்ஸை அணைத்துப் போட்டுப் பார்த்தார். அதனால் லேயரோடு பிஎஸ்டியை முதலில் சேவ் செய்யுங்கள், ஜேபெக் அப்புறம்.