கிளார்க்சனும் பண்ணை வாரிசு வரியும்

பிரிட்டனில் பண்ணை வைத்திருக்கும் டிவி தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனைத் திட்டுகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. வாரிசு வரியை, அதாவது இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான வரியை, தவிர்க்கத்தான் நிலம் வாங்கினேன் என்று முன்பு சொன்னவரே, பண்ணைகளுக்கும் அந்த வரி வரும் என்று அரசு அறிவித்ததும், 2024 நவம்பரில் அதை எதிர்த்த விவசாயிகளோடு லண்டன் தெருவில் நின்றார். ஆனால் அவரை வைத்தே எல்லாப் பண்ணைக்கும் கணக்குப் போட முடியாது.

30 லட்சம் பவுண்டு பண்ணை ஒன்று. முதலில் அறிவித்தபடி 10 லட்சம் போக மிச்சத்துக்கு 20%, அதாவது 4 லட்சம் வரி (பொது விலக்குகள் தனி). 2025 டிசம்பரில் அந்த வரியில்லா வரம்பை 25 லட்சமாக்கினார்கள். வரி 1 லட்சமாக இறங்கியது. வட்டியில்லாமல் 10 வருடத் தவணை. நிலத்துக்குத்தான் விலை, கையில் புரளும் லாபம் சொற்பம். விவசாயிகளின் கோபத்துக்குக் காரணமே அதுதான்.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிக்கொடுத்து 7 வருடம் கடந்தால் வரி இல்லை. ஆனால் கொடுத்த பண்ணைவீட்டிலேயே அப்பா வாடகையில்லாமல் குடியிருந்தால், அந்த வீட்டுக்கு 7 வருடக் கணக்கு செல்லாது.