மேனியாவில் கை ஓங்குபவரை அட்மிஷன் வரை கொண்டுபோவது

அடி விழுவதற்குச் சில நாள் முன்பே தூக்கம் போய்விடும். பைபோலார் (மனம் ஒரேயடியாகப் பொங்கும் மேனியாவும், சோர்ந்துபோகும் டிப்ரஷனும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர் ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்து பரணை ஒழிக்க ஆரம்பித்தால் அன்றே டாக்டருக்குப் போன் போட வேண்டும். ஒரு நோட்டில் தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், போட்ட மாத்திரை என நான்கு கட்டம் போட்டு எழுதிவாருங்கள். கேஷுவாலிட்டியில் கேட்கப்போவது இதைத்தான். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

கைகலப்பு பெரும்பாலும் தடுக்கப் போகும்போதுதான் வரும். பைக் சாவி, ஏ.டி.எம். கார்டு, கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் அவர் அசந்திருக்கும்போது அப்புறப்படுத்துங்கள். கையில் இருக்கும்போது பிடுங்காதீர்கள். பேசுவது ஒருவர் மட்டும். கை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில், வாசலை விட்டு விலகி நின்று பேச வேண்டும். வாசற்படியில் கையை விரித்து மறித்து நிற்கும் அப்பாவுக்குத்தான் முதல் அடி. "நீ பேசுறது தப்பு" என்று வாதாடிப் புண்ணியமில்லை. "தூங்கி நாலு நாளாச்சு, ஒரு ஊசி போட்டா தூக்கம் வரும்" என்றால் சிலர் வண்டி ஏறிவிடுவார்கள்.

காபியில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டில் சோறு இறங்காது, "விஷம் வைக்கிறாங்க" என்ற சந்தேகமும் உறுதியாகிவிடும். ஏற்கெனவே கலந்திருந்தால் என்ன மாத்திரை, எத்தனை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கு மேலேயே ஊசி விழும்.

டிப்ரஷனில் வரும் கோபம் வேறு ரகம். தட்டை வீசி எறிந்து, பத்து நிமிடத்தில் அழுது மன்னிப்புக் கேட்பார். அப்போது கவலைப்பட வேண்டியது உடைந்த தட்டைப் பற்றி அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். டிப்ரஷன் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தூக்கம் குறைந்து, பேச்சு கூடி, கை நீண்டால் அது மேனியாவாக மாறுவதாக இருக்கலாம். மாத்திரை எழுதியவரிடம் அன்றே பேசுங்கள்.

கூட்டிப்போக டூவீலர் வேண்டவே வேண்டாம். கார் என்றால் சைல்டு லாக் போட்டு, பின்சீட்டில் நடுவே அவர், இரண்டு பக்கமும் ஆள். டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடியாவிட்டால் 108. வழி கேட்க, ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. போலீஸ் வந்தால் பயப்பட வேண்டாம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. சங்கிலி போடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தது கட்டிப்போட்டிருந்ததால்தான்.

கேஷுவாலிட்டியில் "ரொம்பக் கோபப்படுறார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை நாளாகத் தூங்கவில்லை, கடைசி மாத்திரை எப்போது, கடைசியாகக் குடித்தது எப்போது, காய்ச்சல், தலையில் அடி, ஸ்டீராய்டு ஏதாவது உண்டா என்று சொல்லுங்கள். இடம், நேரம் தெரியாமல் குழம்பினால் அது மேனியா இல்லாமலும் போகலாம்; குடி நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் ஜன்னியும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். லித்தியம் (பைபோலாருக்குத் தரும் மாத்திரை) சாப்பிடுபவர் கை நடுங்கி, நாக்குக் குழறி, வாந்தி எடுத்தால் அதை முதலில் சொல்ல வேண்டும், ரத்தத்தில் அளவு கூடியிருக்கலாம். வலிக்காக டைக்ளோஃபெனாக் போட்டிருந்தாலும் அளவு ஏறும்.

அமைதிப்படுத்தப் போடும் ஊசி பெரும்பாலும் ஹாலோபெரிடால், புரோமெத்தசின் என்ற இரண்டு மருந்தும் சேர்ந்தது. பிறகு கழுத்து ஒருபக்கம் இழுத்தாலோ, கண் மேலே செருகினாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள், மாற்று ஊசி உண்டு. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவைக் கோபம் என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள்.

அவர் சம்மதிக்காவிட்டால் அட்மிஷன் அதே 2017 சட்டத்தின் 89ஆவது பிரிவில். அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் சட்டப்படி அவர் சார்பில் நிற்பவர்) விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதலில் 30 நாள் வரைதான். இதற்கெல்லாம் நேரமில்லாத அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம், ஷாக் ட்ரீட்மென்ட் மட்டும் இதில் கூடாது.

பிரதிநிதியை நியமிக்க வெள்ளைத்தாள் போதும். அவர் நல்ல நிலையில் இருக்கும்போது எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் செல்லும். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்து, சண்டை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தோதான நேரம். அந்தத் தாளையும் ஆதார் நகலையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் தூக்க நோட்டோடு ஒரே கவரில் போட்டு, வாசல் பக்கம் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் வேண்டாம், அந்தச் சாவி அவர் கையில் இருக்கும்.