1955ஆம் ஆண்டுச் சிறு கிட்டார்: வாங்கும் முன் அளந்ததும் வாங்கிய பின் செய்ததும்

பழைய கிட்டார் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் வாசித்துப் பார்க்க விரல்கள் துடிப்பது இயல்பு. இந்த முறை அந்த ஆசையை அரை மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்கேல், சிறு கண்ணாடி, விளக்கு ஆகியவற்றோடு உட்கார்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினின் 0-15 மாடல். மேல்பலகை, பின்பலகை, பக்கங்கள் எல்லாமே மஹோகனி. அலங்காரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. கீழ்ப்பகுதியின் அகலம் பதின்மூன்றரை அங்குலம்தான். பலரும் வாசிக்கும் டிரெட்நாட் வகை கிட்டார் பதினைந்தரை அங்குலத்துக்கும் மேல் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். விரலால் மீட்டி வாசிக்கிற எனக்கு அதிர்ந்து முழங்கும் பாஸ் தேவையில்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும், அவ்வளவே.

வயதைக் கண்டறிவது எளிதாக முடிந்தது. 1898 முதல் மார்ட்டின் கிட்டார்களுக்குத் தொடர் எண் இடப்படுகிறது. 1930 முதல் மாடல் பெயரும் சேர்த்து உள்ளே கழுத்துக் கட்டையில் பொறிக்கப்படுகிறது. ஒலித்துளை வழியாகக் கண்ணாடியைச் செலுத்தி எண்ணைப் படித்து, வெளியிடப்பட்டுள்ள ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டபோது 1955 என்று வந்தது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது பழைய லாக்கர் பூச்சு ஒரே சீராக மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிர்ந்தது. வலப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு மட்டும் கருமையான கோடு ஒன்று தெரிந்தது. அதே இடத்தை உட்புறம் பார்த்தால் விரிசல் ஒன்று, அதன் மேல் நான்கு சிறிய மரத்துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. சுத்தமான வேலை. ஒழுங்காக ஒட்டி முடித்த விரிசல் என்னைப் பொறுத்தவரை குறையே அல்ல.

என் கவலை கழுத்தின் கோணம் பற்றியது. ஆறு எஃகுக் கம்பிகளின் இழுவையைப் பல பத்தாண்டுகள் தாங்கிய எந்தக் கிட்டாரிலும் மேல்பலகை சற்றே புடைக்கும், கழுத்து முன்னோக்கிச் சாயும், கம்பிகள் ஃப்ரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளை) விட்டு மேலெழும்பும். இது எந்தத் தயாரிப்பாளரின் பிழையும் அன்று, இழுவையின் இயல்பு. 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 3.2 மி.மீ., மெல்லிய கம்பியின் உயரம் 2.6 மி.மீ. என்று அளவு காட்டியது. இதை மட்டும் பார்த்திருந்தால், சேடிலை, அதாவது கம்பிகள் படிந்து நிற்கும் எலும்புத் துண்டை, கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எண்ணியிருப்பேன். ஆனால் 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறக்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. இறக்க வேண்டும். நான் விரும்பும் 2.4 மி.மீ. உயரத்துக்கு வர 1.6 மி.மீ. தேய்க்க வேண்டும், சேடிலோ, அதைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சும் அரை மி.மீ.க்கும் குறைவான எலும்புத் துண்டின் மேல் கம்பி மடங்கி அழுத்தாது, ஒலி செத்துவிடும்.

அடுத்துப் பிரிட்ஜின் தடிமனை அளந்தேன்: 7 மி.மீ. வழக்கமாக அது 9 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் கழுத்தைத் திருத்தும் வேலையைத் தள்ளிப்போடுவதற்காகப் பிரிட்ஜையே சீவி இறக்கியிருக்கிறார். மேல் முகத்தில் அரத்தின் கீறல்கள் நகத்தில் தட்டுப்பட்டன. விளிம்புகளின் பழைய வளைவும் மழுங்கிப் போயிருந்தது. விற்பவர் எல்லாம் அசல் பாகங்கள் என்று நம்பித்தான் சொன்னார், அவருக்கு இது தெரியாது. பழைய கிட்டாரை மதிப்பிடும் எவரும் கம்பி உயரம், சேடில் நீட்டம், பிரிட்ஜ் தடிமன் ஆகிய மூன்று எண்களையும் ஒன்றாக வைத்தே படிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஒன்றை மறைக்க மற்றொன்றைச் சீவுவது அவ்வளவு எளிது. நீண்ட ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டியபோது சந்தேகமே தீர்ந்தது: மேல் விளிம்பைத் தொட வேண்டிய முனை, அதற்கு 3 மி.மீ.க்கும் கீழே முட்டி நின்றது.

கழுத்தின் வளைவில் மட்டும் எனக்கு நல்வாய்ப்பு. அந்தக் காலக் கழுத்துகளுக்குள் இருப்பது டீ வடிவ எஃகுச் சட்டம். சாவியால் திருகி வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு மார்ட்டினில் 1985இல்தான் வந்தது. ஆகவே வளைவு மிகுந்திருந்தால் எளிய வழி ஏதும் இல்லை. 1ஆம், 14ஆம் ஃப்ரெட்டுகளில் கம்பியை அழுத்திக்கொண்டு இடையில் பார்த்தேன், 0.25 மி.மீ. இடைவெளி இருந்தது. இதற்கு மேல் கேட்க முடியாது.

அதன் பிறகே வாசித்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் விரல் வலித்தது, ஆனாலும் நடுக்கம்பிகளில் அந்த மஹோகனி ஒலி, சுற்றிலும் எதிரொலி அதிகம் படராமல், தொட்டவுடன் எழுந்து தெளிவாக நின்றது. அளந்தவற்றை விற்பவரிடம் ஸ்கேலோடு காட்டினேன். பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ள அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

வீட்டில் இரண்டு வாரம் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருந்து மறுபடி அளந்தேன். ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும் என்பதால் ஒரே நாள் அளவை நம்பி மரத்தை வெட்டக் கூடாது. மாற்றம் 0.1 மி.மீ.தான். பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய தாளைச் செருகியபோது அது 10 மி.மீ. உள்ளே போனதால், அதை மாற்றியே தீர வேண்டும் என்பதும் உறுதியாயிற்று.

கழுத்தைக் கழற்றும் வேலையை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். 15ஆம் ஃப்ரெட்டை எடுத்துவிட்டு, அதன் பள்ளத்தில் சிறு துளையிட்டு, கழுத்தை உடலோடு பிணைக்கும் டவ்டெயில் பொருத்துக்கு ஊசி வழியாக நீராவி செலுத்தினார். அந்தக் காலத்தில் ஒட்டப் பயன்பட்டது வச்சிரம். சூடும் ஈரமும் பட்டதும் இளகிவிடும். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மெல்லிய முனகலோடு கழுத்து அசைந்தது. பழைய வச்சிரத்தின் வாசனை அறை முழுவதும் பரவியது.

எவ்வளவு சீவுவது என்பதைக் கணக்கிட்டு வைத்திருந்தோம். புதிய பிரிட்ஜ் பழையதைவிட 2 மி.மீ. தடிமனாக இருக்கப்போவதால், அங்கே ஸ்கேலின் கோடு 5 மி.மீ. உயர வேண்டும், கழுத்து சேருமிடத்திலிருந்து சேடிலுக்கு 281 மி.மீ.; ஹீலின் (கழுத்து உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதியின்) ஆழம் 85 மி.மீ. அப்படியானால் ஹீலின் அடிநுனியில் 1.5 மி.மீ. மட்டும் எடுத்து, மேலே வரவரக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். ஒன்றரை மி.மீ. மரத்தில் ஒரு கிட்டாரின் எதிர்காலம் இருக்கிறது என்பதை உளியின் சுருளைக் கையில் ஏந்திப் பார்த்தபோது உணர்ந்தேன்.

புதிய பிரிட்ஜை ஈட்டி மரத்தில், 9 மி.மீ. தடிமனில் நானே செய்தேன். மூன்றாவது முயற்சிதான் தேறியது. எடுத்த பழைய பிரிட்ஜை உறையிலிட்டுக் குறிப்போடு பெட்டியில் வைத்திருக்கிறேன். அது பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், கிட்டார் எல்லை கடக்க நேர்ந்தால் எது அசல், எது மாற்று என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இப்போது தடித்த கம்பி 2.4 மி.மீ., மெல்லியது 1.8 மி.மீ. சேடில் மூன்றரை மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே, பிரிட்ஜுக்கு அடியில் உள்ள பிரிட்ஜ் பிளேட் என்ற பலகையில், கம்பி நுனியிலுள்ள சிறு குண்டுகள் குடைந்த ஆறு பள்ளங்களில் நான்கை நிரப்பியாயிற்று. மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கானவை பாக்கி. அவற்றை முடிக்கும் வரை லைட் கேஜ் கம்பி மாட்டாமல், அதைவிட மெல்லிய எக்ஸ்ட்ரா லைட்டிலேயே தினமும் வாசித்து வருகிறேன்.