டின் அன்னாசி

போச்சம்பள்ளி அத்தை வீட்டில் மாம்பழக்கூழ் டின்னைத் திறந்ததும் மாமா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "டின்னுல வந்தது எனக்கு வேணாம்பா."

மாமா ராணுவத்தில், சியாச்சின் பனிமலையில் இருந்தவர்.

அங்கே அன்னாசி டின் கல்லாக உறைந்து கிடக்குமாம். மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தால் ஓரம் மட்டும் இளகும், நடுவில் பனிக்கட்டி அப்படியே நிற்கும். கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்பார்களாம். அந்த உயரத்தில் பசியே எடுக்காது.

"ஒருத்தன் சாப்பிடலைன்னா மத்தவங்க விடமாட்டோம். ஊட்டியே விடுவோம்."

ராணுவ உணவுக்கென்றே மைசூரில் 1961இல் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். இப்போது புலாவ் கூடப் பொட்டலத்தில் போகிறது, சுடவைத்தால் போதும். நல்ல விஷயம்.

அப்போதெல்லாம் லீவில் வந்ததும் மாமா ராகிக்களிக்கும் கீரைக் கடைசலுக்கும் ஏன் அப்படி அடம்பிடித்தார் என்று இன்றுதான் புரிந்தது. சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.