இறுக்கிப் பிடிக்காத கம்பி

போன தை மாதம் என் அத்தையின் கீழ்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லை எடுத்தேன். பிடுங்கினேன் என்று சொல்ல முடியாது. இடுக்கியை வைத்து லேசாகத் திருப்பினேன், கையோடு வந்துவிட்டது. கழுவிப் பார்த்தேன். சொத்தை இல்லை, வெடிப்பு இல்லை, வேர் முழுதாக இருந்தது. கழுத்தோரம் வெற்றிலைக் கறை மட்டும். நல்ல பல் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொடுத்த பல் செட்டின் கம்பிதான் அதை ஆட்டி ஆட்டி எடுத்திருந்தது.

கும்பகோணத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். அத்தைக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் வீடு. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் பெரிய கடைவாய்ப்பற்கள் எப்போதோ போய்விட்டன. அப்போது நான் செய்தது, எங்கும் செய்கிற அக்ரிலிக் செட்: ரோஜா நிறத் தகடு, நான்கு பல், கடைசியாக நின்ற பல்லை இரண்டு பக்கமும் சுற்றி வளைத்த எஃகுக் கம்பி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். “தொளதொளவென்று இருக்கிறது பாப்பா, கொஞ்சம் இறுக்கிக் கொடு” என்பார். பிளையரால் கம்பியை ஒரு நெருக்கு நெருக்கிக் கொடுப்பேன். “இப்போதுதான் சிக்கென்று இருக்கிறது” என்று சந்தோஷமாகப் போவார். எனக்கும் சந்தோஷம்.

வேலிக்காலைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும். ஆழமாக ஊன்றிய காலை நேரே மேலே இழுத்தால் அது வராது. முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மண் விலகி இடம் கொடுத்த பிறகு ஒரு கையாலேயே தூக்கிவிடலாம். அத்தை ஒவ்வொரு வாய் சோறு மெல்லும்போதும் அந்தக் கம்பி பல்லுக்கு அதையே செய்திருக்கிறது. மெல்லாத நேரத்திலும் அது சும்மா இருக்கவில்லை. இறுக்கிய கம்பி நாள் முழுவதும் பல்லை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எத்துப்பல்லை உள்ளே தள்ள மாட்டுகிறோமே, அந்தக் கம்பியின் வேலையும் இதுதான். அங்கே பல் நகர வேண்டும் என்று வேண்டுமென்றே செய்கிறோம். இங்கே நகரவே கூடாத பல்லுக்கு அதைச் செய்துவிட்டேன்.

எடுத்த இடம் ஆறச் சித்திரை வரை விட்டேன். இம்பிளான்ட் பற்றிச் சொன்னேன். சர்க்கரை இருக்கிறது, எலும்பைத் துளைப்பதெல்லாம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மீண்டும் கழற்றி மாட்டும் செட்தான். ஆனால் இந்த முறை கோபால்ட் குரோமியத்தில் வார்க்கும் சட்டகம், அதில் நானே வரைந்து கொடுக்கும் கம்பி என்று முடிவு செய்தேன். செலவு பல மடங்கு. அதை நான் அத்தையிடம் வாங்கவில்லை.

கல்லூரியில் படித்ததுதான் எல்லாம். ஆனால் படித்து முடித்த பிறகு, செட் செய்யும் லேபுக்கு அனுப்பும் சீட்டுகளில் “கீழ் பார்ஷியல்”, அதாவது கீழ்வரிசைக்குச் சில பற்கள் மட்டும் உள்ள செட், என்பதற்கு மேல் எதுவும் எழுதியதில்லை. பழைய பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இரவில் படித்தேன். இரண்டு பக்கமும் பின்னால் பல் இல்லாத வாயைக் கென்னடி முதல் வகை என்கிறோம். எட்வர்ட் கென்னடி என்ற பல் மருத்துவர் 1925-இல் வகுத்த பிரிவு. நான்கு வகையில் இதுதான் மிகவும் தொல்லை தருவது. காரணம் எளிது. செட்டின் முன்பக்கம் பல்லின் மேல் உட்காருகிறது, பின்பக்கம் வெறும் ஈறின் மேல். பல் தன் குழிக்குள் அசைவது மயிரிழை அளவுதான், ஈறு அமுங்குவதோ அதைப் போலப் பல மடங்கு. மெல்லும்போதெல்லாம் பின்பக்கம் இறங்கும். அந்த இறக்கத்தை நாம் நிறுத்த முடியாது. இறங்கும்போது கம்பி பல்லை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க வழி பார்க்கலாம்.

அத்தையின் பல்வரிசைக்கு எடுத்த மாதிரியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தஞ்சாவூரில் உள்ள லேபுக்குப் போனேன். அங்கே சர்வேயர் இருக்கிறது. நிலம் அளப்பவர் இல்லை, பல்லின் வளைவை அளக்கும் சிறு கருவி. லேப் அண்ணன் முப்பது ஆண்டுக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். நான் மாதிரியோடு நேரில் வந்து நின்றதே அவருக்கு ஆச்சரியம். “டாக்டரம்மா, பல சீட்டுகளில் எதுவுமே இருக்காது. கம்பி எங்கே போக வேண்டும் என்று நாங்களே முடிவு செய்வோம். வாயைப் பார்க்காமல் நாங்கள் எப்படி முடிவு செய்வது?” என்றார். என் சீட்டுகளும் அவரிடம்தான் போயிருக்கின்றன. அவர் அதைச் சொல்லவில்லை.

பல் மாதிரியைச் சாயும் மேடையில் பூட்டினார். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டில் ஒரு கரிக்குச்சி. குச்சி எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். மாதிரியை அதன்மேல் மெதுவாகச் சுற்றினால், பல்லின் எந்த இடம் அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே உரசிச் சாம்பல் நிறக் கோடு விழும். பல்லும் ஒரு குடம் மாதிரிதான். வயிறு புடைத்து, கீழே ஈறை நோக்கிக் குறுகும். கோட்டுக்கு மேலே இருப்பது மேல்வயிறு, கீழே இருப்பது குறுகல். அந்தக் குறுகலை அண்டர்கட் என்போம். கம்பியின் நுனி மட்டும் அங்கே இறங்கி நிற்க வேண்டும். கம்பியின் அடிப்பகுதி கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு குறுகலுக்குள் போகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. தண்டில் கரிக்குச்சியை எடுத்துவிட்டு, நுனியில் சிறு வட்டத் தட்டு உள்ள அளவுக்கோலை மாட்டினார். 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என மூன்று உண்டு. வார்த்த கோபால்ட் குரோமியக் கம்பிக்கு 0.25 போதும். அது விறைப்பான உலோகம். அதற்கு மேல் இறக்கினால் கழற்றும் ஒவ்வொரு தடவையும் பல்லை வளைக்கும், இல்லாவிட்டால் தானே வளைந்துபோகும். இழுத்து உருட்டிய எஃகுக் கம்பி அதைவிட நெகிழும். அதற்கு 0.50 தாங்கும். கால் மில்லிமீட்டரைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஆனால் தண்டு பல்லின் வயிற்றில் தொட, தட்டின் விளிம்பு குறுகலில் தொட, அந்த இரண்டும் ஒரே நேரத்தில் தொடும் இடத்தில் அண்ணன் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கம்பி முடிய வேண்டிய இடம் அது. எத்தனையோ செட் செய்திருக்கிறேன், அந்தப் புள்ளியை என் கண்ணால் அன்றுதான் தேடிப் பார்த்தேன்.

வலப்பக்கத்து இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு ஆர்.பி.ஐ. என்ற அமைப்பைத் தேர்ந்தேன். க்ரடோச்வில் என்ற பல் மருத்துவர் 1963-இல் இந்தச் சிந்தனையை எழுதினார், க்ரோல் என்ற இன்னொருவர் 1973-இல் திருத்தி அமைத்தார். மூன்று உறுப்புகள். பல்லின் மேல் உட்காரும் ரெஸ்ட், பின்பக்கச் சுவரைத் தொட்டு நிற்கும் தகடு, கன்னப் பக்கத்தில் ஈறின் கீழிருந்து மேலே ஏறி வந்து பல்லை ஒரே புள்ளியில் தொடும் நேர்க்கம்பி. சூட்சுமம் ரெஸ்டின் இடத்தில் இருக்கிறது. பல்லின் பின்பக்கத்தில், அதாவது செட்டை ஒட்டிய பக்கத்தில், ரெஸ்டை வைத்து, முன்பக்கக் குறுகலில் கம்பி நுனியை வைத்தால், பின்னால் செட் இறங்கும்போது முன்னால் நுனி மேலே எழும்பி வயிற்றில் மாட்டிப் பல்லைக் கெல்லும். கடப்பாரையை ஊன்றி நெம்புவது போல. ரெஸ்டை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டால் செட் சுழலும் தாங்குபுள்ளி முன்னால் போய்விடும். செட் இறங்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் கம்பி நுனியும் சேர்ந்து ஈறுப் பக்கம் இறங்கும், பல்லை விட்டு விலகும். மெல்லுகிற நேரத்தில் கம்பி பல்லைப் பிடிக்காது. செட்டை யாராவது மேலே இழுத்தால்தான் பிடிக்கும்.

இடப்பக்கம் இவ்வளவு எளிதாக இல்லை. இப்போது அங்கே கடைசியாக நிற்பது முதல் முன்கடைவாய்ப்பல். சின்னப் பல், நாக்குப் பக்கம் சாய்ந்தது. அதன் கீழே ஈறு உள்ளே குழிந்திருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் பள்ளமும் ஆழமில்லை. நேர்க்கம்பியைக் கீழிருந்து கொண்டுவந்தால் குழியைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும், கன்னத்தை உரசும், சோறு அடையும். நான் முதலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைந்து வைத்திருந்தேன். அண்ணன் விரலால் அந்தக் குழியைத் தடவிக் காட்டினார், பேசவில்லை. அழித்துவிட்டு, முன்பக்க ரெஸ்ட், பின்பக்கத் தகடு, கன்னப் பக்கம் உருண்டையான எஃகுக் கம்பி என்று மாற்றினேன். உருண்டைக் கம்பி எந்தத் திசையிலும் நெகிழும். அதன் அடிப்பகுதி அக்ரிலிக்குக்குள் புதையும். கம்பியின் நீளம் இரட்டித்தால் நெகிழ்வு எட்டு மடங்காகும். உருண்டைக் கம்பியின் தடிமன் பாதியானால் பதினாறு மடங்கு. இந்த இரண்டு கணக்கைப் புரிந்துகொண்டால் கம்பி வடிவமைப்பில் பாதி கிணறு தாண்டியது போல என்று நினைத்திருந்தேன், மீதிப் பாதி வாய்க்குள் இருந்தது.

திருவையாற்று அசோகா அல்வா அத்தைக்கு உயிர். அப்படி ஒட்டுகிற எதைத் தின்றாலும் செட்டின் பின்பக்கம் மேலே தூக்கும். அதைத் தடுக்க வலப்பக்கம் முன்னால் தள்ளி, முதல் முன்கடைவாய்ப்பல்லில் இன்னொரு ரெஸ்ட் வைத்தேன். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பட்டை நாக்கின் அடியில் போக வேண்டும். ஈறு விளிம்பிலிருந்து வாயின் தரை வரை 8 மில்லிமீட்டராவது இருந்தால்தான் அது பொருந்தும். நாக்கைத் தூக்கச் சொல்லி அளந்தேன். 9 இருந்தது.

பிறகு வாயில் வேலை. ரெஸ்ட் உட்காரக் கரண்டிக் குழி போல எனாமலில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறு பள்ளம். ஆழம் போதுமா என்று பார்க்கச் சிவப்பு மெழுகைக் கடிக்கச் சொன்னேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பள்ளத்தின் இடத்தில் மெழுகு தடித்துச் சிவப்பாகவும், மற்ற இடத்தில் வெளுத்தும் தெரியும். வலப்பக்கம் ஒரு மூலையில் ஒளி ஊடுருவியது. அங்கே உலோகம் மெல்லியதாகிப் பின்னால் உடையும். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நல்ல பல்லில் பள்ளம் எடுப்பதற்கு முதலில் கை கூசியது. ரெஸ்ட் இல்லாத கம்பி என்ன செய்யும் என்று பார்த்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

படத்தை வண்ணப் பென்சிலில் வரைந்து அனுப்பினேன். பழுப்பு உலோகம், நீலம் அக்ரிலிக், சிவப்பு ரெஸ்ட். மெழுகில் சட்டகம் அமைக்கும் அன்றும் லேபுக்குப் போனேன். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். இங்கே வண்டலுக்குப் பதில் பாஸ்பேட் கலந்த வார்ப்புக் கலவை, வெண்கலத்துக்குப் பதில் கோபால்ட் குரோமியம். முறை ஒன்றுதான். மெழுகில் இருப்பதே உலோகத்தில் வரும். அதனால் நேர்க்கம்பி அடியில் தடித்து, நுனிக்கு வரும்போது பாதியாக மெலிகிறதா என்று மெழுகிலேயே பார்த்துவிட வேண்டும். அண்ணன் சூடாக்கிய சிறு கரண்டியால் நுனியை இரண்டு முறை வருடினார். மூன்றாவது முறை வேண்டாம் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவை நடவு முடிந்து, ஆடியில்தான் அத்தையால் வர முடிந்தது. மாட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்ன பாப்பா, இறுக்கமே இல்லையே. இவ்வளவு நாள் அலைந்து இதையா செய்தாய்?”

“தூக்கிப் பாருங்கள் அத்தை.”

நாக்கால் தள்ளிப் பார்த்தார், வரவில்லை. விரலால் தூக்கினார், ஒரு நொடி தடுத்துவிட்டு வந்தது.

“உட்கார்ந்திருக்கும்போது கம்பி பல்லைத் தொட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் அத்தை. கழன்று வரப் பார்த்தால் மட்டும் பிடிக்க வேண்டும். சிக்கென்று இருந்ததுதான் உங்கள் பல்லைக் கொண்டுபோயிற்று. அதற்கு நான்தான் காரணம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நான் கேட்டேன், நீ இறுக்கினாய். இனிமேல் நான் கேட்டாலும் இறுக்காதே” என்றார்.

கழற்றும்போது கம்பி நுனியில் நகத்தை மாட்டி இழுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் தகட்டோரத்தைப் பிடித்துச் சேர்த்துத் தூக்க வேண்டும், இரவில் தண்ணீரில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வெற்றிலையை விடச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. சுண்ணாம்பு கம்பியின் உள்பக்கம் கல்லாகப் படியும் என்பதால், அங்கே தேய்க்கத் தனியாக ஒரு சிறு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழியில் வந்தார். கம்பி தாங்கிய இரண்டு பற்களையும் இரண்டு கருவிகளின் பிடிகளுக்கு இடையே வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடிக்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. பிறகு செட்டின் பின்பக்கத்தை விரலால் அழுத்தினேன். வலப்பக்கம் முன்னால் வைத்த ரெஸ்ட் பள்ளத்தை விட்டு மயிரிழை எழும்பியது. அடியில் எலும்பு சற்றுக் கரைந்திருக்கிறது, தகட்டுக்கு அடியில் அக்ரிலிக் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். இரண்டு மணி நேர வேலை. கம்பியைத் தொட வேண்டியதில்லை.

“சம்பா அறுப்பு முடியட்டும் பாப்பா, வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.