அமெரிக்காவாக உட்கார்ந்த இரண்டு நாள்

எங்கள் கல்லூரியில் நடந்த மாதிரி காலநிலை மாநாட்டில் எனக்கு வந்த நாடு அமெரிக்கா. பட்டியலைப் பார்த்ததுமே மனசு கனத்துப் போனது. 2022இல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடான காப்27இல் பெரிதாக இழுபட்ட விஷயம்தான் எங்களுக்கும் விவாதப்பொருள்: புயலாலும் கடல்மட்ட உயர்வாலும் ஏழை நாடுகளுக்கு வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் வேண்டுமா, வேண்டாமா. நான் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த அன்று விடிந்து பார்த்தபோது எங்கள் தோப்பில் நின்ற தென்னையைவிட விழுந்து கிடந்ததுதான் அதிகம். அப்படிப்பட்ட நான் போய் நிதியம் வேண்டாம் என்று பேச வேண்டும்.

நாட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "உன் கருத்தைச் சொல்ல நீ வரல, அவங்க என்ன சொல்லுவாங்களோ அதைச் சொல்லத்தான் வர்ற" என்றார் அமைப்பாளர் அக்கா. சரி என்று படிக்க உட்கார்ந்தேன்.

கலந்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பேச்சைத் தயாரிப்பதில் நேரத்தைக் கொட்டாதீர்கள், பழைய முடிவு ஆவணங்களைப் படியுங்கள். சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு இந்தக் கோரிக்கையை முதலில் வைத்தது 1991இல். முப்பது வருஷமாக ஏன் நகரவில்லை என்று தேடிப்போனால், பணத்தைவிட ஒரு சொல்தான் குறுக்கே நின்றது: சட்டப் பொறுப்பு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசுகிறது, ஆனால் அதோடு சேர்ந்து வந்த முடிவின் 51ஆம் பத்தி, அந்தப் பிரிவை வைத்துப் பொறுப்போ இழப்பீடோ கேட்க முடியாது என்கிறது. அதைப் படித்த பிறகுதான் அமெரிக்கா எதற்குப் பயப்படுகிறது என்பதே எனக்குப் பிடிபட்டது.

அப்புறம் விதிமுறை. வழக்கமான எம்யூஎன்னில், அதாவது மாதிரி ஐ.நா. சபையில், வாக்கெடுப்பு உண்டு. காலநிலை மாநாட்டில் வாக்கெடுப்பு விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவே இல்லை, எல்லாமே ஒருமித்த கருத்தில்தான். எங்கள் அமைப்பாளர்களும் அதையே வைத்தார்கள். வாக்கு எண்ணும் கணக்கோடு வந்திருந்த பலருக்கு முதல் நாள் காலை முழுக்க அதைப் புரிந்துகொள்வதிலேயே போனது. பசிபிக்கில் இருக்கும் குட்டித் தீவு நாடான துவாலு நினைத்தாலும் நிறுத்தலாம், நான் நினைத்தாலும் நிறுத்தலாம்.

துவாலுவாக வந்த பெண், தன் நாட்டின் மிக உயரமான இடமே ஐந்து மீட்டருக்குள்தான் என்று சொல்லி உட்கார்ந்தாள். அடுத்து என் முறை. ஏற்கெனவே இருக்கும் நிதி அமைப்புகளே போதும் என்று தொண்ணூறு நொடி பேசினேன். பேசி முடித்தபோது கை நடுங்கியது.

இரண்டாம் நாள்தான் உண்மையான வேலை. வரைவைத் திரையில் போட்டு, ஒப்புதல் இல்லாத சொல்லையெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள், அடைப்புக்குறி ஒவ்வொன்றாக விழ வேண்டும். மதியம்வரை ஒன்றுகூட விழவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், வராந்தாவில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் பேரம் படிந்தது. 'இழப்பீடு' என்ற சொல்லை எடுத்தால் 'நிதியம்' என்ற சொல்லை விட்டுத்தருகிறேன் என்றேன். வங்கதேசம் யோசித்தது, துவாலு ஒப்புக்கொண்டாள். சீனாவும் பணம் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் பிடிவாதம் பிடிக்க, 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் வளர்ந்த நாடுகள் பட்டியலில் நாங்கள் இல்லையே என்று சீனாவாக வந்த பையன் சரியாகவே மடக்கினான். கடைசியில் 'பல்வேறு மூலங்களிலிருந்து' என்று எழுதி எல்லாரும் ஒதுங்கினோம்.

மாலை தலைவர், ஆட்சேபம் உண்டா என்று கேட்டுச் சுற்றிப் பார்த்தார். என் நாட்டுப் பலகைமேல் கை வைத்திருந்தேன். தூக்கவில்லை. சுத்தியல் விழுந்தது.

ராத்திரி அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு குடுக்குறதா எழுதுனீங்க?" என்றார். எங்கள் வரைவில் தொகை இல்லை. உண்மையான காப்27 முடிவிலும் இல்லை. அடுத்த வருஷம் துபாயில்தான் நாடுகள் தொகை அறிவித்தன, அமெரிக்கா சொன்னது 1.75 கோடி டாலர். அதை அப்பாவிடம் சொன்னேன். "உலகத்துக்கேவா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன்.